குரூஸின் பின்னல்

"ரெண்டு விரல்!" என்று கத்தினாள் ஹெர்லிண்டா. "காலருக்கு மேல ரெண்டு விரல்! இதைச் சொல்றதுக்கு இன்னைக்குத்தான் விடிஞ்சுதா இவங்களுக்கு?"

சலூன் நாற்காலியில் பாதி முகம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த தையல்காரர் மூச்சுக்கூட விடவில்லை. அவள் இடது கையில் பள்ளிக்கூடத்துக் காகிதம், வலது கையில் சவரக்கத்தி. இரண்டும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"எனக்கு ரெண்டு விரல் எல்லாம் வேணாம் ஹெர்லிண்டா. எப்பவும் போல செஞ்சு விடு" என்றார் மெல்ல.

"உங்களை யார் சொன்னா? வாயை மூடிட்டு தலையைச் சாய்ங்க."

அரெகிப்பா ஊரில் மனிதர்களின் கோபத்துக்கு மிஸ்தி மலைதான் பொறுப்பு. உச்சியில் பனி விழுந்துவிட்டால், அன்று யார் யாரைத் திட்டினாலும், "பாவம், பனி ஏறிடுச்சு" என்று ஊர் மன்னித்துவிடும். வக்கீல் நீதிபதியைத் திட்டியதையே அப்படித்தான் மன்னித்தார்கள். ஹெர்லிண்டாவுக்கு மட்டும் பனி விழுந்தாலும் ஒன்றுதான், உருகினாலும் ஒன்றுதான். வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அவள் தலையில் பனி ஏறியே இருக்கும்.

ஆனால் அன்றைக்கு அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. காகிதத்தில் மேல்பாதி பெண் குழந்தைகளுக்கு: முடியைப் பின்னி, வெள்ளை ரிப்பன் கட்டி வரவேண்டும். கீழ்ப்பாதி ஆண் குழந்தைகளுக்கு: முடி சட்டைக் காலருக்கு மேலே இரண்டு விரல் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிள்ளையோடும் அசல் காகிதங்களோடும் வந்து சேர்க்கையை முடிக்கவேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். அன்று செவ்வாய்க்கிழமை.

மூலை பெஞ்சில் வறுத்த சோளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தான் அவள் மகன் குரூஸ். ஆறு வயது ஆகப் போகிறது. சிலுவைத் திருவிழாவன்று பிறந்ததால், சிலுவை என்று பொருள்படும் அந்தப் பெயர். அதே நாளில் பிறந்த அவன் அப்பாவின் அத்தைக்கும் குரூஸ் என்றுதான் பெயர். பையனின் முடி ஒற்றைப் பின்னலாக இடுப்பு வரை தொங்கியது. பெஞ்சில் உட்கார்ந்தால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வான்.

"நீதான் ஊருக்கே முடி வெட்டுறே" என்றார் தையல்காரர். "உன் பையனுக்கு ஒரு வெட்டு வெட்டிட்டா தீந்துது."

"ஞானத்தகப்பன் கத்தரி வைக்காம நானா வெட்டுறது? செத்துப்போன எங்கம்மா கல்லறையிலேருந்து எழுந்து வந்து என்னை அறைவா!"

அவர்கள் பூர்வீகமான புனோ பக்கத்து மலைக்குடும்பங்களில் அதுதான் வழக்கம். பிள்ளையின் முதல் முடியைப் பெற்றவர்கள் தொடக்கூடாது. ஒரு ஞானத்தகப்பன் வந்து முதல் கத்தையை வெட்டவேண்டும். அன்றோடு அவர் அந்தக் குடும்பத்துக்குச் சாகும்வரை உறவு. இரண்டு மூன்று வயதில் முடிந்துவிடுகிற காரியம் இது. குரூஸுக்கு ஆறு வயது வரை இழுத்ததற்கு ஒரே காரணம் அவன் பெரியப்பா ப்ளாசிதோ. தங்கச் சுரங்கத்தில் வேலை. பையன் பிறந்த அன்றே, "முதல் கத்தரி என்னோடது, ரெண்டு அல்பாக்கா ஓட்டிட்டு வர்றேன்" என்று சொன்ன மனிதர்தான். இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று நாள் போனதே தவிர, கம்பளி தரும் அந்த மலை விலங்கின் வால்கூட வரவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கணவன் ரெமிஹியோ வந்தான். மினிபஸ் ஓட்டுகிறவன். பயணிகள், போலீஸ், மனைவி என்று எல்லாரிடமும் திட்டு வாங்கி வாங்கிப் பதமாகிப்போனவன். கிழமைக்கொரு சூப் என்ற ஊர் வழக்கப்படி செவ்வாய்க்கிழமை சூப்பை உறிஞ்சிக்கொண்டே காகிதத்தைப் படித்தான்.

"இதுக்கு ஏன் இவ்வளவு கூச்சல்? மேல்பாதியைப் பாரு. பின்னல் ஏற்கெனவே இருக்கு. ஒரு வெள்ளை ரிப்பனைக் கட்டி அனுப்பிட்டா போச்சு."

சீப்பு பறந்து வந்து சூப்பில் விழுந்தது.

"உனக்கு எல்லாம் விளையாட்டாய்யா? அந்த இடம் எப்படிக் கிடைச்சுதுன்னு தெரியுமா? குலுக்கல்ல நின்னது நீயா நானா?"

அவள்தான் நின்றாள். கன்னியர் நடத்துகிற அந்தப் பள்ளியில் மதர் பெர்பெத்துவாவுக்கு எண்பது வயதுக்கு மேல். அவர் மூக்குக்கண்ணாடி, பாட்டில் அடி மாதிரி தடிமனாக இருக்கும். பதிவு நாளில் குரூஸின் பின்னலை விரலால் தடவித் தடவி, "அடேயப்பா, எவ்வளவு நீளம்! யார் பின்னிவிட்டது?" என்று கேட்டுவிட்டு, மூக்கு காகிதத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பெயரை எழுதிக்கொண்டார். குலுக்கல் அன்று மேஜையில் இரண்டு தகர டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் நீலத் துணி சுற்றியிருந்தது, ஒன்றில் வெள்ளை. எதில் என்ன என்று மதர் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஹெர்லிண்டா, வரிசையில் இடித்துக்கொண்டு முன்னால் போன ஒருத்தியோடு சண்டையில் இருந்தாள். "பதினேழு, குரூஸ்!" என்று வெள்ளை டப்பாவிலிருந்து எடுத்துப் படித்தபோது சண்டையை அப்படியே விட்டுவிட்டு, அந்த எதிரியையே கட்டிப்பிடித்து அழுதாள்.

அந்த அழுகை வெறும் இடம் கிடைத்ததற்காக இல்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அதே பள்ளியின் பச்சை கேட்டுக்கு எதிரில் அவளுடைய அம்மா, மலைக்காரிகளின் அகலப் பாவாடையோடு, ஆறு வயது ஹெர்லிண்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதிருந்த காவலாளி கேட்டைக்கூடத் திறக்கவில்லை. "உங்க ஆளுங்களுக்கு மலை மேல பள்ளிக்கூடம் இருக்கு, அங்க போ" என்றான். மேலே இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கூரை கிடையாது. ஆசிரியர் வந்த நாளைவிட வராத நாள் அதிகம். ஹெர்லிண்டாவுக்கு எழுத்து ஒழுங்காக வந்ததே சலூன் பலகைக்குப் பெயர் எழுதப் பழகியபோதுதான். என் பிள்ளை அந்தப் பச்சை கேட்டுக்குள் நுழையவேண்டும் என்பது அவளுக்கு ஆசை இல்லை, பழி.

"ப்ளாசிதோவுக்குப் போன் போடு" என்றாள்.

போட்டான். சுரங்கத்தில் காற்று இரைந்தது.

"அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள பையனுக்கு முடி வெட்டியாகணும்" என்றான் ரெமிஹியோ.

"கார்னிவல் திருவிழாவுக்கு வர்றேன்டா."

"அதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்குண்ணே."

"அதுவரைக்கும் ஒரு முடியைக்கூட எவனும் தொடக்கூடாது. தொட்டா நான் உனக்கு அண்ணனும் இல்ல, நீ எனக்குத் தம்பியும் இல்ல. அல்பாக்கா ரெடியா இருக்குன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

ஹெர்லிண்டா போனைப் பிடுங்கினாள். "அல்பாக்காவா? அது கெழமாகி செத்தே போயிருக்கும் மச்சான்!"

அதற்குள் சிக்னல் போய்விட்டது. அல்லது ப்ளாசிதோ போய்விட்டார். அவள் அரை மணி நேரம் சிக்னல் இல்லாத போனைத் திட்டினாள்.

புதன்கிழமை காலை நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மதரைப் பார்த்து, மூன்று வாரம் தவணை கேட்டுவிடுவது என்று முடிவு. பச்சை கேட்டில் காவலாளி சபினோ நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சீருடை, தொப்பி, கழுத்தில் விசில்.

"மதரைப் பார்க்கணும்."

"வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வாங்க."

"எனக்கு இன்னைக்குத்தான் பார்க்கணும்."

"இன்னைக்கு உள்ள யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு."

"யோவ், நான் என்ன உங்க மதரைக் கடிச்சா திங்கப் போறேன்? ரெண்டு வார்த்தை பேசணும்யா!"

"நீங்க ரெண்டு வார்த்தையோட நிறுத்துற ஆளாத் தெரியலயே அம்மா."

அவ்வளவுதான். ஹெர்லிண்டா கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். இருபத்தாறு வருஷத்து ஆத்திரம் மொத்தமும் வந்தது. அம்மாவின் பாவாடை, அந்தக் காவலாளி, கூரையில்லாத பள்ளிக்கூடம், ரெண்டு விரல், அல்பாக்கா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். எதிர்க்கடைக்காரி ரொட்டி விற்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

சபினோ முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப ஞானத்தகப்பன் இல்லாததுதான் பிரச்சினையா?" என்றார்.

ஹெர்லிண்டாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை. கேட்டுக்கு உள்ளே நிற்கிற மனிதன் உறவாகிவிட்டால் இந்தக் கேட் ஜென்மத்துக்கும் சாத்தாது. எத்தனை பெரிய குடும்பங்கள் இப்படி உறவு பிடித்தே உள்ளே போயிருக்கின்றன! நான் பிடித்தால் என்ன?

"நீங்க இருக்கீங்களா?" என்றாள் அதே அதட்டலோடு.

"நானா?"

"வேற யாரு, இந்தக் கேட்டா?"

சபினோ தொப்பியைக் கழற்றினார். "இருபத்திரெண்டு வருஷமா இங்க நிக்கிறேன். இந்தப் பிள்ளைங்க எல்லாம் என் கண்ணெதிர்ல வளர்ந்து போச்சு. ஒருத்தர்கூட என்னை இப்படிக் கேட்டதில்லம்மா." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நாளைக்கு மூணு மணிக்கு வர்றேன்."

ஹெர்லிண்டாவுக்கு ஒரு நிமிஷம் கோபமே இல்லாமல் போய்விட்டது. அது அவளுக்கே புதிதாக இருந்ததால், போகும் வழியில் ரொட்டிக்காரியைத் திட்டிச் சரிசெய்துகொண்டாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ரெமிஹியோவின் முகம் வெளுத்தது.

"என்னய்யா? ஏன் முழிக்கிறே?"

"இல்ல... நேத்து நீ அண்ணனைப் பேசினது எனக்கு மனசு கேக்கல. மறுபடியும் போன் போட்டேன்."

"போட்டு?"

"நீங்க வரலன்னா ஹெர்லிண்டாவே வெட்டிடுவான்னு சொன்னேன். பயமுறுத்தினா வருவாருன்னு..."

"வர்றாரா?"

"ஷிஃப்டைப் பாதியில விட்டுட்டுக் கிளம்பிட்டாராம். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி பஸ்."

ஹெர்லிண்டா தலையில் அடித்துக்கொண்டாள். ஆறு வருஷம் வராத மனுஷன் இப்போதுதான் வரவேண்டுமா? சபினோவை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை கேட்டில் நிற்கப் போவது அவர். ப்ளாசிதோவை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவர் நிற்கப் போவது வீட்டுக்குள்.

"மூணு மணிக்கு சபினோ வரட்டும்" என்றாள் கடைசியில். "பின்னந்தலையில உள்பக்கமா, கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு சின்னக் கத்தை வெட்டட்டும். சாப்பாடு போட்டு அஞ்சு மணிக்கு அனுப்பிடலாம். ஆறு மணிக்கு உங்கண்ணன் வந்து அவர்தான் முதல்னு நெனச்சு வெட்டிட்டுப் போகட்டும். நீ மட்டும் வாயைத் தொறந்தே, உன் நாக்குக்கும் ரெண்டு விரல் அளவு வெச்சு வெட்டிடுவேன்."

நல்ல ஏற்பாடுதான். ப்ளாசிதோவுக்குப் பஸ் கிடைத்திருந்தால். அவருக்குக் கிடைத்தது தாதுமண் ஏற்றிவந்த லாரி. வியாழக்கிழமை இரண்டரை மணிக்கே தலையிலிருந்து கால்வரை புழுதியோடு சலூன் வாசலில் வந்து இறங்கினார்.

"எங்கடா என் பிள்ளை?"

"அல்பாக்கா எங்க மச்சான்?" என்றாள் ஹெர்லிண்டா.

"லாரியில ஏத்த மாட்டேன்னுட்டான். பின்னாடி வருது."

"நடந்தா?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் தட்டியது. அதே இஸ்திரி போட்ட சீருடை, புதிதாகப் பாலிஷ் போட்ட ஷூ. கையில் ஒரு புதுப் பள்ளிக்கூடப் பை, நீலக் கலரில். சபினோ அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"என் ஞானப்பிள்ளை எங்கே?" என்றார் சிரித்தபடி.

ப்ளாசிதோ அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாருடா இவன், விசில் மாட்டிக்கிட்டு?"

"நான் குரூஸோட ஞானத்தகப்பன். நீங்க யாரு, மண்ணுலேருந்து தோண்டி எடுத்த மாதிரி?"

ரெமிஹியோ பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் நடந்ததை அந்தத் தெரு இன்னும் பேசுகிறது. நாற்காலியில் குரூஸ், கழுத்தில் வெள்ளைத் துணியோடு, பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வலப்பக்கம் ஒரு ஞானத்தகப்பன், இடப்பக்கம் ஒரு ஞானத்தகப்பன், இருவர் கையிலும் கத்தரி.

"ஆறு வருஷத்துக்கு முன்னாலயே வாக்குக் குடுத்தவன் நான்!"

"வாக்கு குடுத்தா போதுமா? வந்து நிக்கணும். நான் வந்து நிக்கிறேன்!"

"நீ கேட்டுல நில்லு போ! இது எங்க குடும்பம்!"

"எங்க குடும்பமும்தான். நேத்துலேருந்து!"

"நிறுத்துங்கய்யா ரெண்டு பேரும்!" ஹெர்லிண்டா நடுவில் புகுந்தாள். "ஆளுக்கொரு பக்கமா ஒரே நேரத்துல வெட்டுங்க. மூணு எண்ணுறேன். ஒண்ணு..."

இரண்டு என்பதற்குள் ப்ளாசிதோ பின்னலைப் பிடித்துக் கழுத்தோடு ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். ஆறு வருஷம் அவள் கழுவி, சிக்கெடுத்து, எண்ணெய் தடவிப் பின்னிய முடி முழுசாக அவர் கையில் தொங்கியது. ஆத்திரத்தில் சபினோ முன்நெற்றியில் ஒரு பெரிய கத்தையை அடியோடு வெட்டினார். ப்ளாசிதோ விடுவாரா? காது ஓரத்தில் ஒன்று. சபினோ மற்றக் காது ஓரத்தில் ஒன்று.

"அம்மா, எனக்குக் காது இருக்கா?" என்றான் குரூஸ்.

ஹெர்லிண்டா போட்ட சத்தத்தில் பாத்ரூம் கதவு தானாகத் திறந்துகொண்டது என்பார்கள். இருவர் கையிலிருந்தும் கத்தரியைப் பிடுங்கி எறிந்தாள். பையன் தலையைப் பார்த்தால் பெருச்சாளி கடித்த தேங்காய் மாதிரி இருந்தது. எந்தக் கிராப்பும் அதைக் காப்பாற்ற முடியாது. பதினான்கு வருஷத் தொழில்காரி அவள். சொந்தப் பிள்ளையின் தலை அவள் சலூனிலேயே இப்படி நாசமாகிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே, கண்ணில் வந்ததைத் துடைத்துக்கொண்டே, மெஷினை எடுத்து வழவழவென்று மொட்டை போட்டுவிட்டாள்.

"பின்னலைக் குடுங்க" என்றாள் ப்ளாசிதோவிடம்.

"முதல் கத்தரி வெச்சவனுக்குத்தான் முடி. சுரங்கத்துக்குக் கொண்டுபோறேன். எனக்கு ராசி." பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். "காலைல அஞ்சு மணி பஸ்சுக்குக் கிளம்பிடுவேன்."

கொடுத்துத் தொலையலாம், ஆள் ஊரைவிட்டுப் போனால் போதும் என்று விட்டுவிட்டாள். சபினோ நீலப் பையைக் குரூஸ் மடியில் வைத்தார். ஒரு வாய் சாப்பிடவில்லை.

"நல்ல மரியாதை செஞ்சீங்கம்மா" என்றார் வாசலில் நின்று. "நாளைக்குக் கேட்டுல பார்ப்போம்."

வெள்ளிக்கிழமை காலை மிஸ்தியின் உச்சியில் வெள்ளைவெளேர் என்று பனி. ஊரே உர்ரென்று இருந்தது. ப்ளாசிதோவின் பஸ் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. ஹெர்லிண்டா மகனுக்குப் புது ஸ்வெட்டர் மாட்டி, மொட்டைத் தலைக்குக் கம்பளிக் குல்லா போட்டு, ஏழே முக்காலுக்குப் பச்சை கேட்டில் நின்றாள். கையில் காகிதங்கள். வாய்க்குள் தயாராக நூறு வசவு.

சபினோ குல்லாவைக் கழற்றினார். சட்டைக் காலரில் இரண்டு விரலை வைத்தார். மேலே பார்த்தார்.

"காலருக்கு மேல ரெண்டு விரல்ல முடி இருக்கணும்னு விதி. இங்க முடியே இல்லையே."

"யோவ்..." என்று ஆரம்பித்தாள் ஹெர்லிண்டா. அப்புறம் நிறுத்தினாள். அவள் அம்மா இதே இடத்தில்தான் நின்றாள். அம்மாவுக்குத் திட்டத் தெரியாது. அன்று தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்துவிட்டாள். ஹெர்லிண்டா குரலைத் தணித்தாள். "நேத்து நடந்தது தப்புதான். என்மேல கோபம் இருந்தா என்மேல காட்டுங்க. பிள்ளையை மட்டும் உள்ள விடுங்க."

குரூஸ் முதுகைத் திருப்பிக் காட்டினான். "ஞானப்பா, நீங்க குடுத்த பை. தூங்கும்போதுகூட மாட்டிட்டுத்தான் தூங்கினேன்."

சபினோ மூக்கை உறிஞ்சினார். கேட்டை அகலத் திறந்தார்.

"வாங்க கொமாத்ரே" என்றார். பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆனவன் பிள்ளையைப் பெற்றவளைக் கூப்பிடுகிற உறவுமுறை அது. அந்த ஊரில் அப்படி ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் அப்புறம் பகை கிடையாது. "நானே உள்ள கூட்டிட்டுப் போறேன். நம்ம பிள்ளைக்கு யாரு குறுக்க நிக்கிறாங்கன்னு பார்த்துடுவோம்."

ஹெர்லிண்டா அந்தக் கேட்டைத் தாண்டினாள். வேண்டுமென்றே மெதுவாகத் தாண்டினாள்.

அலுவலக அறையில் மதர் பெர்பெத்துவா மேஜைக்குப் பின்னால் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். பக்கத்து அலமாரியில் விண்ணப்பங்கள், நீல நாடா கட்டியது ஒரு கட்டு, வெள்ளை நாடா கட்டியது ஒரு கட்டு.

"பேரு என்ன?"

"குரூஸ், மதர். பதினேழாம் நம்பர்" என்று சபினோ பெருமையாகச் சொல்லிவிட்டு நீலக் கட்டைப் பிரித்தார். ஒவ்வொன்றாகத் தள்ளினார். முடிவு வரை போனார். மறுபடி முதலிலிருந்து வந்தார்.

ஹெர்லிண்டாவின் மூக்கு விடைத்தது. "என்ன, காகிதத்தைத் தொலைச்சாச்சா? இதுக்குத்தான் நான் மூணு நாளா..."

"கொஞ்சம் பொறுங்க" என்றார் சபினோ. வெள்ளைக் கட்டைப் பிரித்தார். மூன்றாவது காகிதத்தில் நின்றார். அதில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"கொண்டா இப்படி" என்று மதர் அதை வாங்கி, மூக்குக்கு நேராகப் பிடித்தார். "ஆமாம், குரூஸ். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அந்தப் பின்னல்!" கையை நீட்டி மேஜைக்கு அந்தப் பக்கம் தலையைத் தேடினார். விரல்கள் மொட்டையில் வழுக்கின. "என்னம்மா இது? முடி எங்கே?"

"எல்லாம் உங்க விதியால மதர்!" ஹெர்லிண்டாவுக்குப் பேச இடம் கிடைத்துவிட்டது. "காலருக்கு மேல ரெண்டு..."

சபினோவின் பாலிஷ் போட்ட ஷூ அவள் கால்மேல் ஏறி நின்றது.

"பேன், மதர்!" என்றார் உரக்க. "தலை பூரா பேன்! அதனாலதான் மொட்டை போடும்படி ஆயிடுச்சு."

"ஐயோ பாவம்" என்று மதர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "பரவாயில்லை, பரவாயில்லை. மார்ச் மாசம் வகுப்பு தொடங்கும்போது சரியாயிடும்." முத்திரையை மையில் தொட்டு ஓங்கி ஒரு குத்து. இடம் உறுதி.

ஆனால் ஹெர்லிண்டாவுக்கு முத்திரை கண்ணில் படவே இல்லை. அவள் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. ஊர் முழுக்கத் தலை பார்க்கிறவள், அவள் பிள்ளைக்கா பேன்? எதிரி சலூன்காரிகூட இப்படி ஒரு பழி போட்டதில்லை. காலை உருவிக்கொண்டு, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

சபினோ அவசரமாக அவள் காதருகே குனிந்தார்.

"கத்தாதீங்க கொமாத்ரே. பசங்க இடத்துல ஒண்ணுகூட பாக்கி இல்ல, நம்ம குரூஸுக்கு விழுந்தது பொண்ணுங்க டப்பாவுல. மதர் அவனைப் பொண்ணுன்னே நெனச்சுட்டாங்க, இனி பின்னலோடதான் வரணும். அந்தப் பின்னலை ஏத்திட்டுப் போன பஸ்சு இந்நேரம் எந்த ஊரைத் தாண்டியிருக்கும்?"